குத்துச்சண்டை நிருபராக வேண்டும்: சென்னையில் வழி உண்டா?

1. வியாசை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது ஆகிறது. பி.காம். முடித்துவிட்டுப் பாரிமுனையில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு வியாசர்பாடியில். என் தாய்மாமா இளமையில் மேடை ஏறியவர் என்பதால், எங்கள் வீட்டில் கிரிக்கெட்டைக் காட்டிலும் குத்துச்சண்டைப் பேச்சுதான் அதிகம். நானும் இரண்டு ஆண்டுகள் பயிற்சிக்குப் போனேன். மூக்கு உடைந்ததும் அம்மா நிறுத்திவிட்டார். போட்டி பார்ப்பதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.

குத்துச்சண்டையைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். மூன்று நாளிதழ்களின் விளையாட்டுப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதழியல் பட்டம் இல்லாமல் உள்ளே போக முடியுமா, ஆங்கிலம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

2. பழைய மேசை

தம்பி, நான் தமிழ் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் 26 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பத்திரிகை எதிலும் குத்துச்சண்டை நிருபர் என்று ஒரு நாற்காலியை நான் கண்டதில்லை. விளையாட்டு நிருபர் என்ற நாற்காலி உண்டு. அதிலும் பெரும்பகுதியைக் கிரிக்கெட் எடுத்துக்கொள்ளும். ஒலிம்பிக் வரும் ஆண்டில் மட்டும் குத்துச்சண்டைக்கு மூன்று பத்தி கிடைக்கும். ஆகவே நீங்கள் குத்துச்சண்டை தெரிந்த விளையாட்டு நிருபராகத்தான் உள்ளே வர முடியும். எங்கள் அறையில் கால்பந்துக்கு ஒருவர், தடகளத்துக்கு ஒருவர் என்று தானாகவே ஆள் அமைந்துவிடுவதுண்டு. குத்துச்சண்டைக்கு அப்படி அமைந்தவரை என் காலத்தில் நான் பார்க்கவில்லை. இடம் காலியாக இருக்கிறது என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

பட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை இருக்கிறது. தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரி இருக்கிறது. படிக்க வசதி இருந்தால் படியுங்கள். ஆனால் ஆளை எடுக்கும்போது என் ஆசிரியர் பட்டத்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு போட்டி முடிவுத் தாளைக் கையில் கொடுத்து, இருபது நிமிடத்தில் எட்டு வரியில் எழுதித் தரச் சொல்வார். அவ்வளவுதான் தேர்வு.

அந்தத் தேர்வில் பெரும்பாலோர் எங்கே தவறுவார்கள் தெரியுமா? "5-0 என்ற புள்ளிக் கணக்கில் வென்றார்" என்று எழுதுவார்கள். இன்றைக்கும் குத்துச்சண்டைச் செய்தியில் இந்த வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கிறது. அது புள்ளி இல்லை. மேடையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஐந்து தீர்ப்பாளர்களும் ஒருவருக்கே வெற்றியைக் கொடுத்தார்கள் என்பதுதான் அதன் பொருள். ஆங்கிலச் செய்தி நிறுவனம் அனுப்பும் எண்ணை அப்படியே பெயர்த்து, கால்பந்து கோல் கணக்கைப் போலப் போட்டுவிடுகிறோம். இந்த ஒரு பிழையைச் செய்யாமல் எழுதத் தெரிந்தால் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

3. நீல மூலை

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். நான் முன்னாள் வீரன். பிறகு சில ஆண்டுகள் மாவட்டப் போட்டிகளில் தீர்ப்பாளராகவும் அமர்ந்திருக்கிறேன். இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் மீது 86 குத்துகளை இறக்கி 32 குத்துகளை மட்டுமே வாங்கியதாகத் தொலைக்காட்சிக் கணக்கு சொன்னது. ஆனால் தீர்ப்பு 3-2 என்று பார்க் பக்கம் போனது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1992 பார்சிலோனாவில் கணினி முறை வந்தது. ஒரு குத்து சரியாக விழுந்ததும் தீர்ப்பாளர் பொத்தானை அழுத்த வேண்டும். ஐவரில் மூவர் ஒரே நொடிக்குள் அழுத்தினால் ஒரு புள்ளி. சில மாற்றங்களோடு 2012 லண்டன் வரை கணினி முறைதான் இருந்தது. ஆகவே 2008 பெய்ஜிங் காலிறுதியில் விஜேந்தர் சிங் ஈக்குவடாரின் கார்லோஸ் கோங்கோராவை 9-4 என்று வென்றபோது, அது உண்மையிலேயே புள்ளிதான். அந்தக் காலத்தில் எழுதிப் பழகிய கை இன்னும் மாறவில்லை.

2013 முதல் தொழில்முறைப் போட்டிகளில் உள்ள பத்துப் புள்ளி முறை வந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. முற்றிலும் அடங்கிப் போயிருந்தால் 8. மூன்று சுற்று முடிந்ததும் ஒவ்வொரு தீர்ப்பாளரும் தன் கணக்கைத் தனியாகக் கூட்டுவார். 30-27, 29-28 என்று வரும். எத்தனை தீர்ப்பாளரின் தாளில் ஒருவர் முன்னால் இருக்கிறார் என்பதுதான் 5-0, 4-1, 3-2. இதிலும் 2016 ரியோ விதிவிலக்கு. அங்கே ஐவர் அமர்ந்தாலும் மூவரின் தாளை மட்டுமே எடுத்தார்கள். அதனால் முடிவுகள் 3-0, 2-1 என்று இருக்கும்.

இது எழுத்துக்கு ஏன் முக்கியம் என்று ஓர் எடுத்துக்காட்டு. 2021 ஜூலை 29 அன்று டோக்கியோவில் மேரி கோம் கொலம்பியாவின் இங்ரிட் வாலென்சியாவிடம் 3-2 என்று தோற்றார். முதல் சுற்றை ஐவரில் நால்வர் வாலென்சியாவுக்குக் கொடுத்தார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் மும்மூன்று பேர் மேரிக்குக் கொடுத்தார்கள். இரண்டு சுற்றை வென்றவர் எப்படித் தோற்பார் என்று நாடே கேட்டது. மூன்று சுற்றுக்கு ஐந்து பேர் என்றால் 15 கட்டங்கள். அவற்றில் மேரிக்கு விழுந்தவை 7, வாலென்சியாவுக்கு 8. சுற்றை எண்ணாமல் ஒவ்வொரு தாளாகக் கூட்டினால் விடை கிடைத்துவிடும். அன்று இரவு இதை நான்கு வரியில் தமிழில் விளக்கிய செய்தி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தம்பி, உங்கள் வேலை அந்த நான்கு வரிதான்.

4. கைப்பேசிக் கேமரா

பத்திரிகை வாசலில் ஏன் நிற்க வேண்டும்? ஒரு கைப்பேசியும் ஒரு மைக்கும் போதும். யூடியூபில் அலைவரிசை தொடங்குங்கள். வடசென்னைப் பயிற்சிக் கூடம் ஒவ்வொன்றுக்கும் போய் வாத்தியார்களிடம் பேட்டி எடுங்கள். இரண்டே ஆண்டில் உங்களுக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிடும்.

5. பழைய மேசை

கேமரா நண்பரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பேட்டி எடுப்பதும் செய்தி எழுதுவதும் ஒன்றல்ல. ஒரு வாத்தியார் "என் பையன்தான் ஜெயித்தான், தீர்ப்பில் கோளாறு" என்று சொல்வதை அப்படியே ஏற்றிவிடுவது எளிது. அவருடைய பையனை அன்று நீங்களே சுற்றுவாரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால்தான், அவர் சொல்வது சரியா என்று ஓர் எதிர்க் கேள்வியாவது கேட்க முடியும். முதலில் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும். அலைவரிசை பிறகு வரலாம்.

6. எழும்பூர் ரயிலடி

நான் ஆங்கில நாளிதழ் ஒன்றில் நிருபராக இருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகக் கிரிக்கெட் அல்லாத விளையாட்டுகளை எழுதி வருகிறேன். பெண் என்பதால் தொடக்கத்தில் பயிற்சிக் கூடங்களில் "அக்கா யாரைக் கூட்டிப் போக வந்திருக்கிறார்" என்று கேட்பார்கள். இப்போது எடை பார்க்கும் இடத்தில் எனக்கும் சேர்த்து டீ சொல்கிறார்கள். அந்த இடத்துக்கு நான் வந்து சேர்ந்த வழியை மட்டும் சொல்கிறேன்.

எல்லோரும் இறுதிப் போட்டிக்கு வருவார்கள்; நீங்கள் முதல் நாள் காலையில் போய் நில்லுங்கள். அமெச்சூர் போட்டிகளில் அன்றன்று மோதுபவர்களுக்கு அன்றன்று காலையில் எடை பார்ப்பார்கள். அங்கேதான் செய்தி கிடைக்கும். யார் இரவெல்லாம் பட்டினி கிடந்து உதடு வெடித்து வருகிறான், யார் எடைப் பிரிவு மாறியிருக்கிறான், எந்தப் பெண்ணுக்கு ரயில்வே வேலைக்கான ஆள்தேர்வு அடுத்த மாதம் வருகிறது என்பதெல்லாம் அந்த வரிசையில் நின்றால் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, காவல் துறை என்று ஒரு வேலை கிடைப்பதுதான் இங்கே பெரும்பாலான வீரர்களின் உண்மையான பதக்கம். அதை எழுதாமல் வெறும் குத்தை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அடுத்தது பெயர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். யாரோடு யார் மோதுவது என்று சுவரில் ஒட்டும் டிரா தாள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். அதில் KALAI என்று இருந்தால் அது கலையா, காளையா? PARI என்பது பாரியா, பரியா? எனக்கு ஆங்கிலத்தில் எழுதுவதால் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் எழுதப் போகும் உங்களுக்கு அந்த வசதி இல்லை. வீரரிடமே போய்த் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதலெழுத்தையும் அப்பா பெயரையும் கேளுங்கள். ஒரே எடைப் பிரிவில் இரண்டு கார்த்திக் இருந்தால், தவறான கார்த்திக்கின் வீட்டில் இனிப்பு வழங்கிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 15, 16 வயதினர் ஜூனியர். 17, 18 வயதினர் யூத். இவர்களிடம் பேசும்போது பெற்றோரோ பயிற்சியாளரோ அருகில் இருக்கட்டும். தலையில் அடிபட்டு ஒருவர் தடுமாறினால் "மூளை அதிர்ச்சி" என்று நீங்களாக எழுதாதீர்கள். மேடை மருத்துவர் சொன்னால் அவர் சொன்னதாக எழுதுங்கள்.

இரவுப் போட்டி முடிந்து பெரியமேட்டிலிருந்து சென்ட்ரல் வரை நடந்து கடைசி மெட்ரோவைப் பிடிக்கும் அவசரத்தில், நான் விட்ட பேட்டிகள் பல. உங்களுக்கு வீடு பக்கம். அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

7. வியாசை வாசகன்

இத்தனை பதில்களை எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. கடந்த சனிக்கிழமை எங்கள் பகுதிக்கு அருகே நடந்த ஒரு போட்டிக்குப் போய் முதல் முறையாக நோட்டில் குறிப்பு எடுத்தேன். ஒரு மோதலைப் பற்றி எழுதியதைக் கீழே கொடுத்திருக்கிறேன். வீரர்களின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். தயவுசெய்து தயங்காமல் குறை சொல்லுங்கள்.

"57 கிலோ எடைப் பிரிவில் நடைபெற்ற விறுவிறுப்பான அரையிறுதியில் சிவப்பு மூலை வீரர் புயலெனப் புறப்பட்டு எதிராளியைத் துவம்சம் செய்தார். இடக்கைக்காரரான அவர் தன் இடது ஜாப்பால் முதல் சுற்று முழுவதும் எதிராளியைத் திணறடித்தார். இரண்டாவது சுற்றில் நீல மூலை வீரர் சிங்கமெனச் சீறி எழுந்தார். ரசிகர்களின் கரவொலி விண்ணைப் பிளந்தது. இறுதியில் சிவப்பு மூலை வீரர் 3-2 என்ற கணக்கில் திரில் வெற்றி பெற்று இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார். தோற்றவர் வெண்கலப் பதக்கத்துக்கான போட்டியில் மோதுவார்."

8. நீல மூலை

இரண்டு பிழைகள் உடனே கண்ணில் குத்துகின்றன. இடக்கைக்காரருக்கு வலது காலும் வலது கையும்தான் முன்னால் நிற்கும். ஜாப் என்பது முன் கையால் போடும் குத்து. ஆகவே அவர் போட்டது வலது ஜாப். இடது கையால் விழுந்தது என்றால் அது நேர்க்குத்தாகவோ, பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக்காகவோ இருந்திருக்கும். அன்று நீங்கள் பார்த்தது எது? நினைவிலிருந்து எழுதினீர்களா, நோட்டிலிருந்து எழுதினீர்களா?

இரண்டாவது, அமெச்சூர் குத்துச்சண்டையில் வழக்கமாக வெண்கலத்துக்கு என்று தனிப் போட்டி கிடையாது. அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம். 2008இல் விஜேந்தர், 2012இல் மேரி கோம், டோக்கியோவில் லவ்லினா போர்கோஹைன் மூவருமே அரையிறுதியில் தோற்றுத்தான் ஒலிம்பிக் வெண்கலம் பெற்றார்கள்.

9. பழைய மேசை

மொழியைப் பற்றி நான் சொல்கிறேன். புயல், சிங்கம், விண்ணைப் பிளந்த கரவொலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் உங்கள் செய்தியில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். எடைப் பிரிவும் தீர்ப்பும் மட்டும் மிஞ்சும். அன்று அந்த மேடையில் நடந்த ஒன்றுகூட இல்லை. இந்தச் செய்தியை எந்த ஊரின் எந்தப் போட்டிக்கும் பொருத்திவிடலாம், அதுதான் குறை.

நோட்டில் எப்படிக் குறிப்பது என்று எனக்கு ஒரு மூத்தவர் காட்டியதைச் சொல்கிறேன். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள்; இடப்புறம் சிவப்பு, வலப்புறம் நீலம். மூன்று நிமிடச் சுற்றை நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று வரிசையாக்குங்கள். சுத்தமாக விழுந்த குத்துக்கு மட்டும் ஒரு சிறு கோடு. தலை என்றால் மேலே, உடல் என்றால் கீழே. குனிந்து எழுதாதீர்கள், கண் மேடையிலும் கை நோட்டிலும் இருக்கட்டும். முதல் பத்துப் போட்டிக்குக் கோடு கோணலாகத்தான் வரும். சுற்று முடிந்து மணி அடித்ததும், அறிவிப்புக்குக் காத்திராமல், 10-9 யாருக்கு என்று உங்கள் தீர்ப்பை எழுதி வட்டம் போட்டுவிடுங்கள். பிறகு மாற்றக் கூடாது. உங்கள் தீர்ப்பும் ஐவரின் தீர்ப்பும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

10. நீல மூலை

அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சத்தத்தை நம்பாதீர்கள். கையுறை மேல் விழும் குத்துதான் பெரிதாகச் சத்தம் போடும். கணக்கில் அது சேராது. மூடிய கையுறையின் முட்டிப் பகுதி, எதிராளியின் முகத்திலோ தலையின் பக்கவாட்டிலோ, இடுப்புப் பட்டைக்கு மேல் உடலின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ தடையின்றி விழ வேண்டும். உள்ளூர்ப் பையனின் சொந்தக்காரர்கள் அமர்ந்திருக்கும் பக்கம் உட்காராதீர்கள். அவர்கள் ஒவ்வொரு முறை கத்தும்போதும் உங்கள் பென்சில் தன்னையறியாமல் ஒரு கோடு போடும். எனக்கே தீர்ப்பாளர் பயிற்சியில் இது நேர்ந்தது.

11. ராயபுரம் பெரியவர்

இளைஞர்கள் எல்லோரும் ஒலிம்பிக்கையே பேசுகிறீர்கள். இந்த ஊரில் குத்துச்சண்டை, பரம்பரை என்று சொல்லும் குத்துச்சண்டைக் குழுக்களோடு வளர்ந்தது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாக ரோசமான சண்டை நடந்த மண் இது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் மீன் பிடித்தவர்களும் மாலையில் மேடை ஏறினார்கள். 1980இல் முகமது அலி மதராசுக்கு வந்து, முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியபோது நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். அலி எனக்குத் தெரிந்தது ஒரு கட்டைவிரல் உயரம்தான். ஆனாலும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தம்பி, இந்த வரலாற்றை எழுதுங்கள். உங்கள் மாமாவைப் போன்றவர்கள் போய்விட்டால் யார் சொல்வார்கள்?

12. எழும்பூர் ரயிலடி

பெரியவர் சொல்வது உண்மை. அதில் ஒரு கண்ணியும் உண்டு. பரம்பரைக் கதைகளை நான் சேகரிக்க முயன்றபோது, ஒரே சண்டையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் கணக்கில் அது நான்காவது சுற்றில் முடிந்தது. இன்னொருவர் கணக்கில் மழை வந்து நின்றது. மூன்றாமவர் வென்றவரையே மாற்றிச் சொன்னார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் வாத்தியாரிடம் கேட்டதைச் சொன்னார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் பழைய இதழ்களைப் புரட்டி, சுவரொட்டியோ செய்தியோ கிடைத்தால் அதோடு ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டும். கிடைக்காதபோது "இன்னார் இப்படி நினைவுகூர்கிறார்" என்று எழுதலாம். நடந்ததாக எழுதக் கூடாது.

பரம்பரைக் காலத்துக்குப் பிறகும் கதைகள் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடி, 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்ற வி. தேவராஜன் தமிழ்நாட்டுக்காரர். தெருவில் பத்து இளைஞர்களை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிகிறது என்று.

13. கைப்பேசிக் கேமரா

ஒரு சந்தேகம். ஜாப், ஹூக், அப்பர்கட் என்பதையெல்லாம் தமிழில் எப்படி எழுதுவது? என் காணொளியின் கீழே ஒருவர் வந்து "தூய தமிழில் சொல்" என்று தினமும் திட்டுகிறார்.

14. பழைய மேசை

இது எங்கள் மேசையில் ஆண்டுக்கு ஒரு முறை வெடிக்கும் சண்டை. கொக்கிக் குத்து, மேல்வெட்டுக் குத்து என்று போட்டுப் பார்த்திருக்கிறோம். மறுநாள் பயிற்சிக் கூடத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, இது மீன் பிடிக்கிற செய்தியா?" என்று கேட்டார். மேடையில் இருப்பவர்கள் வாயில் எந்தச் சொல் புழங்குகிறதோ அதைத் தமிழ் எழுத்தில் போடுங்கள். முதல் முறை வரும்போது அது என்ன குத்து என்று அரை வரியில் சொல்லிவிடுங்கள். அதே வேளையில் சுற்று, மூலை, எடைப் பிரிவு, தீர்ப்பாளர், நடுவர் எல்லாம் நல்ல தமிழில் நிலைத்துவிட்ட சொற்கள். அங்கே ரவுண்டு, ஜட்ஜ் என்று போக வேண்டியதில்லை. நடுவரும் தீர்ப்பாளரும் வேறு வேறு ஆட்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மேடைக்குள் நிற்பவர் நடுவர். வெளியே அமர்ந்திருப்பவர் தீர்ப்பாளர். "நாக் அவுட்" என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். ஆளை வீழ்த்திய வெற்றிக்கும் அதுதான், தோற்றால் வெளியேறும் சுற்றுக்கும் அதுதான். வீழ்த்தாமல் நடுவரே நிறுத்தியிருந்தால் "நடுவர் போட்டியை நிறுத்தியதால் வென்றார்" என்று முழுதாக எழுதுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விதிப் புத்தகமும் முடிவுத் தாளும் கூட்டமைப்பின் அறிக்கையும் ஆங்கிலத்தில்தான் வரும். அவற்றைப் பிழையின்றிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வேண்டும். பேசத் தயங்கினால் பரவாயில்லை. ஹரியாணா, மணிப்பூர் வீரர்களிடம் பேச அரைகுறை இந்தியே அதிகம் கைகொடுக்கும்.

15. எழும்பூர் ரயிலடி

நிர்வாகச் செய்தியும் உங்கள் வேலைதான் என்பதைச் சேர்க்கிறேன். இதைப் புதியவர்கள் வெறுப்பார்கள். இந்தியாவில் பழைய கூட்டமைப்பு 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டது. இப்போதுள்ள இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு 2016இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த பையன்களின் கதை அந்தத் தேதிகளுக்குள் இருக்கிறது. உலக அளவிலும் அதே நிலைதான். 2023 ஜூனில் சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு எடுத்துவிட்டது. அதே ஆண்டு தொடங்கிய வேர்ல்டு பாக்சிங் என்ற புதிய அமைப்புக்கு 2025 பிப்ரவரியில் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. அடுத்த மாதமே 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் குத்துச்சண்டை உண்டு என்று உறுதியானது. அந்தப் புதிய அமைப்பு 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடத்திய உலகப் போட்டியில்தான் ஜாஸ்மின் லம்போரியாவும் மீனாட்சியும் தங்கம் வென்றார்கள். இனி ஒருவரை "உலக சாம்பியன்" என்று எழுதும்முன், எந்த அமைப்பின் சாம்பியன் என்று கேட்க வேண்டிய காலம் இது. தொழில்முறையில் நான்கு அமைப்புகள் பட்டம் கொடுப்பதால் அங்கே இந்தக் கேள்வி நெடுநாளாகவே உண்டு.

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பகுதிநேரமாக எழுதியபோது எனக்குக் கிடைத்தது வண்டிக்குப் பெட்ரோல் போடப் போதவில்லை. கணக்கு வேலையை விட்டுவிடாதீர்கள். தொழில்முறைப் போட்டி நடத்தும் ஒருவர் ஒரு முறை எனக்குத் தங்குமிடமும் போக்குவரத்தும் தந்து, போட்டிக்கு முன்பே "அரங்கம் நிறைந்தது" என்று எழுதிய அறிக்கையையும் கையில் கொடுத்தார். அரங்கில் பாதி நாற்காலி காலி. நான் காலி நாற்காலியை எழுதினேன்; அடுத்த போட்டிக்கு அழைப்பு வரவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன்.

16. வியாசை வாசகன்

எல்லோருக்கும் நன்றி. நோட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். நீல மூலை அண்ணன் கேட்டது சரி. இடது ஜாப் என்பது நோட்டில் இல்லை, நினைவிலிருந்து எழுதிவிட்டேன். நோட்டில் இருப்பதைக் கொண்டு மட்டும் திருத்தி எழுதியிருக்கிறேன்.

"57 கிலோ அரையிறுதியில் சிவப்பு மூலை வீரர் ஐந்து தீர்ப்பாளர்களில் மூவரின் ஆதரவோடு வென்றார். இடக்கைக்காரரான அவர் முதல் சுற்றில் வலது ஜாப்பால் தூரத்தைக் காத்து, எதிராளி உள்ளே வரும்போதெல்லாம் இடது நேர்க்குத்தை இறக்கினார். இரண்டாவது சுற்றின் நடுவில் நீல மூலை வீரர் அந்த ஜாப்புக்கு வெளிப்பக்கமாகக் காலை வைத்து நகரத் தொடங்கியதும் ஆட்டம் மாறியது; அந்தச் சுற்றில் அவருடைய வலது கை ஐந்து முறை சுத்தமாக விழுந்தது. கடைசி நிமிடத்தில் இருவரும் களைத்து ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டே இருந்ததால் நடுவர் இரு முறை எச்சரித்தார். தோற்ற வீரர் வெண்கலம் பெற்றார்."

என் தீர்ப்பு நீல மூலைக்கு 29-28. அதைச் செய்தியில் எழுதலாமா?

17. பழைய மேசை

இப்போது இது அந்த மேடையின் செய்தி. "வெளிப்பக்கமாகக் காலை வைத்து" என்ற வரிக்காக நான் இதை எட்டு வரியில் போட்டிருப்பேன். உங்கள் தீர்ப்பை இப்போதைக்கு நோட்டிலேயே வைத்திருங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல் விளையாட்டு மேசைக்குத் தொலைபேசியில் அழைத்து, "இன்று மாவட்டப் போட்டி முடிவு இருக்கிறது, ஏழு மணிக்குள் ஆறு வரி தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். கட்டுரை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். முடிவு வேண்டுமா என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டும் என்பார்கள்.

18. வியாசை வாசகன்

ஐயா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடியே மூன்று இடங்களுக்கு அழைத்தேன். இரண்டு இடங்களில் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒருவர் "அனுப்பு, பார்க்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி முடிவுகளை 6:40க்கு அனுப்பினேன். இன்று காலை வந்திருக்கிறது. என் பெயர் இல்லை. ஆறு வரி நான்காகியிருக்கிறது. ஆனால் "ஐந்து தீர்ப்பாளர்களில் நால்வர்" என்பதை அப்படியே விட்டிருக்கிறார்கள். அம்மா அதை வெட்டி நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு வருத்தம். 51 கிலோவில் வென்றவரிடம் நானே கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்கி, காளை என்று அனுப்பினேன். அச்சில் கலை என்று வந்துவிட்டது. அவர் காலையிலிருந்து நான்கு முறை அழைத்துவிட்டார்.

19. பழைய மேசை

யாரோ ஆங்கிலத் தாளைப் பார்த்துத் "திருத்தி" இருக்கிறார்கள். நானே அப்படிச் செய்திருக்கிறேன். காளையின் அழைப்பை எடுங்கள், எடுக்காமல் இருக்காதீர்கள். நான்கு மணிக்கு மேசைக்கு அழைத்து, திருத்தம் போடச் சொல்லுங்கள். போட மாட்டார்கள். அப்படியே அடுத்த ஞாயிறு என்ன போட்டி என்று சொல்லிவிடுங்கள்.